கலிபோர்னியாவில் கான்ட்ராக்டரை அமர்த்துமுன்: லைசென்ஸ், பெர்மிட் இரண்டையும் சரிபார்க்கும் முறை

சமையலறையை மாற்றிக் கட்ட ஆள் தேடுகிறீர்கள் என்றால் வாட்ஸ்அப் குழுவில் அரை மணி நேரத்தில் ஒரு பெயரும் ஃபோன் எண்ணும் வந்துவிடும். "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு சார்" என்று பதிலும் வரும். பெரும்பாலும் அது பொய்யாகவும் இருக்காது. யாரோ ஒருவருடைய லைசென்ஸ் எங்கோ இருக்கத்தான் செய்யும். அது இவருடையதுதானா, உங்கள் வேலைக்கு அது செல்லுமா, இன்றைய தேதியில் நடப்பில் இருக்கிறதா, இவர் இதுவரை எடுத்த பெர்மிட்டுகளைக் கடைசிவரை முடித்துக் கொடுத்தாரா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒரு மாலை நேரம் போதும். காசு செலவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் மாநிலத்தின் கையில் இருக்கிறது. கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசென்ஸ் போர்டு, சுருக்கமாக சி.எஸ்.எல்.பி., அதைத் தருகிறது. பெர்மிட், அதாவது குறிப்பிட்ட ஒரு வேலைக்கான கட்டட அனுமதி, தருவது ஊர். ஊராட்சி எல்லைக்குள் வராத இடமென்றால் கவுண்டி. கான்ட்ராக்டர் எடுத்த பெர்மிட்டுகளின் பட்டியல் சி.எஸ்.எல்.பி.யில் கிடையாது. மாநிலம் முழுவதற்கும் ஒரே பெர்மிட் தேடல் என்பதும் கிடையாது. அதனால்தான் பலர் லைசென்ஸை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாகி விடுகிறார்கள்.

இன்னொரு குழப்பம் 'பிசினஸ் லைசென்ஸ்'. ஊரில் கடை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் கிடைக்கும் வரி ரசீது அது. பூக்கடைக்கும் உண்டு, கான்ட்ராக்டருக்கும் உண்டு. அதைக் காட்டி "லைசென்ஸ்டு" என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

யாருக்கு லைசென்ஸ் வேண்டும்

2025 ஜனவரி 1 முதல், கூலியும் சாமானும் சேர்த்து 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் வரும் எந்தக் கட்டட வேலைக்கும் லைசென்ஸ் வேண்டும். அதற்கு முன் இந்த வரம்பு 500 டாலராக இருந்தது. தொகை 1,000-க்குக் கீழே இருந்தாலும், வேலைக்குப் பெர்மிட் தேவைப்பட்டாலோ அவர் வேறு ஆளை வேலைக்கு வைத்தாலோ லைசென்ஸ் இல்லாமல் செய்யக்கூடாது. 4,000 டாலர் வேலையை ஐந்து பில்லாக உடைத்துத் தருகிறேன் என்பதும் செல்லாது. மொத்த வேலைதான் கணக்கு.

லைசென்ஸ் பக்கத்தை வரிவரியாகப் படிப்பது

சி.எஸ்.எல்.பி. தளத்தில் லைசென்ஸ் எண், நிறுவனப் பெயர், ஆளின் பெயர் என்று மூன்று வழியிலும் தேடலாம். எண்ணை மட்டும் போட்டுப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். கடைசியில் ஆளின் பெயரையும் போட்டுப் பார்க்க வேண்டும். காரணம் கீழே வரும்.

பக்கத்தின் மேலே நிறுவனப் பெயரும் முகவரியும் ஃபோனும் இருக்கும். அதை அவர் தந்த கார்டு, எஸ்டிமேட், காண்ட்ராக்ட் மூன்றோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். லைசென்ஸில் உள்ள பெயரில்தான் அவர் தொழில் செய்ய வேண்டும் என்பது சட்டம். கார்டில் ஒரு பெயர், லைசென்ஸில் இன்னொரு பெயர், பணத்தை ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக மூன்றாவது ஒருவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்வது என்று வந்தால், அது கடன் வாங்கிய எண் என்று வைத்துக்கொண்டு மேலே விசாரியுங்கள். பக்கத்தில் இருக்கும் ஃபோன் எண்ணுக்கு நீங்களே அழைத்து, "இந்தப் பெயருடையவர் உங்களிடம் வேலை செய்கிறாரா?" என்று கேட்பதுதான் இதில் இருக்கும் மிகச் சிறந்த சோதனை. இரண்டு நிமிட வேலை, ஆனால் செய்கிறவர்கள் குறைவு. நேரில் வரும்போது லைசென்ஸ் கார்டையும் டிரைவர்ஸ் லைசென்ஸையும் சேர்த்துக் கேளுங்கள்.

லைசென்ஸ் எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போகும். இப்போது புதிதாகக் கிடைப்பவை 7 இலக்கம். "கம்பெனி ஆரம்பிச்சு ரெண்டு வருஷம்தான் ஆச்சு" என்பவர் 6 இலக்க எண்ணைத் தந்தால் ஒரு கேள்வி எழ வேண்டும். 'இஷ்யூ டேட்' என்ற வரியைப் பாருங்கள். பழைய எண்ணைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள முறையான வழியும் இருப்பதால் இது குற்றம் ஆகிவிடாது. விளக்கம் கேட்க வேண்டிய இடம், அவ்வளவுதான்.

அடுத்து ஸ்டேட்டஸ். 'கரன்ட் அண்ட் ஆக்டிவ்' என்று இருக்க வேண்டும். 'சஸ்பெண்டட்', 'இன்ஆக்டிவ்', 'எக்ஸ்பயர்ட்' மூன்றில் எது இருந்தாலும் அன்றைக்கு அவர் லைசென்ஸ் இல்லாதவர்தான். பாண்ட் (வாடிக்கையாளருக்கும் மற்றவர்களுக்கும் ஈடு தருவதற்கான உறுதிப் பத்திரம்) ரத்தானாலும், தொழிலாளர் இன்ஷூரன்ஸ் விட்டுப்போனாலும், கோர்ட் தீர்ப்புப் பணம் கட்டாமல் இருந்தாலும் லைசென்ஸ் நிறுத்தப்படும். அதனால் இதை இரண்டு தடவை பார்க்க வேண்டும்: காண்ட்ராக்டில் கையெழுத்து போடும் நாள் ஒரு தடவை, வேலை தொடங்கும் நாள் இன்னொரு தடவை. நடுவில் இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. அதற்குள் பாண்ட் போயிருக்கலாம்.

வகை பொருந்துகிறதா

ஏமாறுபவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். லைசென்ஸ் உண்மையானது, ஆள் உண்மையானவர், ஆனால் வகை வேறு. பெயின்ட் அடிக்க சி-33, எலெக்ட்ரிகல் சி-10, பிளம்பிங் சி-36, ஏசியும் ஃபர்னஸும் சி-20, கூரை சி-39, டைல் சி-54, தரை சி-15, தோட்டம் சி-27, சோலார் சி-46. சி-33 வைத்திருப்பவர் பாத்ரூமை இடித்துக் கட்டித் தருகிறேன் என்றால் அவர் அந்த வேலைக்கு லைசென்ஸ் இல்லாதவர்.

'பி' என்பது பொதுக் கட்டட வகை. அதை வைத்து எல்லாம் செய்யலாம் என்று நினைப்பது தவறு. ஃபிரேமிங், தச்சு வேலைகளைத் தனியாக எடுக்கலாம். மற்றபடி ஒன்றோடொன்று தொடர்பில்லாத குறைந்தது இரண்டு தொழில்கள் அந்த வேலையில் இருக்க வேண்டும். சமையலறையில் பிளம்பிங், எலெக்ட்ரிகல், டைல் எல்லாம் வருவதால் பி பொருந்தும். எலெக்ட்ரிக் பேனலை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் சி-10 அவரிடமே இருக்க வேண்டும், அல்லது சி-10 உள்ளவருக்கு அவர் சப்-காண்ட்ராக்ட் தர வேண்டும். பி-2 என்ற ரீமாடலிங் வகை 2021-இல் வந்தது. மூன்று தொழில்களாவது இருக்க வேண்டும். பாரம் தாங்கும் சுவரில் கை வைக்கக் கூடாது. "இந்தச் சுவரை எடுத்துட்டா ஹால் பெருசாயிடும்" என்று பி-2 கான்ட்ராக்டர் சொன்னால், அந்தச் சுவர் பாரம் தாங்குவதா என்று முதலில் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து பேசி கையெழுத்து வாங்கும் விற்பனை ஆட்களுக்குத் தனிப் பதிவு உண்டு: ஹோம் இம்ப்ரூவ்மென்ட் சேல்ஸ்பெர்சன். சோலார், ஜன்னல் விற்க வருபவர்களிடம் அந்த எண்ணையும் கேட்டு அதே தளத்தில் பார்க்கலாம்.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆள்

ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தகுதி பெற்ற ஒருவர் இருப்பார். கார்ப்பரேஷன் என்றால் அவர் பெரும்பாலும் ஆர்.எம்.ஓ., அதாவது பொறுப்பான அதிகாரி. பாண்ட் பகுதியில் இவரைப் பற்றி ஒரு வரி வரும். அவர் பங்கில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பதாகச் சான்று தந்திருக்கிறார், ஆகவே தனி பாண்ட் தேவையில்லை என்று இருந்தால் சரி. அதற்குப் பதிலாக அவர் பெயரில் 25,000 டாலர் தனி பாண்ட் இருந்தால், அவருக்கு நிறுவனத்தில் 10 சதவீதத்துக்கும் குறைவான பங்குதான். நேர்மையான நிறுவனங்களிலும் இப்படி இருக்கும். ஆனால் லைசென்ஸை வாடகைக்கு விடுபவர்களும் இப்படித்தான் தெரிவார்கள். தகுதி பெற்றவர் வேலையை நேரடியாக மேற்பார்க்க வேண்டும் என்பது சட்டம். "உங்க ஆர்.எம்.ஓ. எந்தெந்தக் கட்டத்தில் சைட்டுக்கு வருவார்?" என்று கேளுங்கள். அவர் பெயரே சொல்லத் தெரியாவிட்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இப்போது 'பெர்சனல் லிஸ்ட்' என்ற இணைப்பைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு பெயரோடும் சேர்ந்த மற்ற லைசென்ஸ்களைப் பாருங்கள். பழைய நிறுவனத்தின் மேல் புகார் ஏறி, லைசென்ஸ் பறிபோனதும் மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ புது எண் எடுப்பது ஒரு பழைய வித்தை. புது எண்ணின் பக்கம் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருக்கும். ஆளின் பெயரைப் போட்டுத் தேடினால்தான் பழையது வெளியே வரும்.

ஒழுங்கு நடவடிக்கைகள் எவ்வளவு காலம் தெரியும் என்பதற்கும் கணக்கு உண்டு. சைட்டேஷன் (போர்டு தரும் விதிமீறல் உத்தரவு) என்றால் அபராதமும் உத்தரவும் நிறைவேறியதிலிருந்து 5 ஆண்டுகள், தற்காலிக நிறுத்தமோ நன்னடத்தைக் காலமோ என்றால் முடிந்ததிலிருந்து 7 ஆண்டுகள், முழுதாக ரத்தானால் என்றைக்கும். விசாரணை மட்டத்தில் கிடக்கும் புகார்களில் பெரும்பாலானவை தெரியாது. ஆகவே பக்கம் சுத்தமாக இருக்கிறது என்றால் நடவடிக்கை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். புகாரே இல்லை என்று பொருளில்லை. இந்த இடைவெளியை நிரப்ப, கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட் தளத்தில் நிறுவனப் பெயரையும் உரிமையாளரின் சொந்தப் பெயரையும் தேடுங்கள். ஒரே ஒரு வழக்கு இருந்தால் பயப்பட வேண்டாம். பத்து வருடம் தொழில் செய்தவருக்கு ஒரு தகராறு வருவது சகஜம். சாமான் விற்ற கடைகளும் சப்-காண்ட்ராக்டர்களும் பாக்கிக்காக வரிசையாகப் போட்ட வழக்குகள் இருந்தால் விலகிவிடுங்கள். நீங்கள் தரும் பணம் முந்தைய வீட்டின் கடனை அடைக்கத்தான் போகும்.

பாண்டும் இன்ஷூரன்ஸும்

கான்ட்ராக்டர் பாண்ட் 2023 முதல் 25,000 டாலர். இது உங்களுக்கென்று ஒதுக்கிய தொகை இல்லை. அவரிடம் பணம் வரவேண்டிய எல்லோருக்கும் சேர்த்தே அவ்வளவுதான். 90,000 டாலர் வேலை பாதியில் நின்றால் பாண்டை நம்பி எதுவும் நடக்காது.

தொழிலாளர் காம்பென்சேஷன் வரியைக் கவனமாகப் படியுங்கள். ஒன்று பாலிசி எண்ணும் தேதியும் இருக்கும், அல்லது தன்னிடம் வேலையாட்கள் இல்லை என்று சான்று தந்து விலக்கு வாங்கியிருப்பார். விலக்கு வாங்கியவர் மூன்று பேரோடு வேனில் வந்து இறங்கினால் அந்த மூன்று பேருக்கும் இன்ஷூரன்ஸ் இல்லை. ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தால் பொறுப்பு உங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம். கூரை (சி-39), கான்கிரீட் (சி-8), ஏசி (சி-20) வகைகளுக்கு இந்த விலக்கே கிடையாது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாலிசி வேண்டும்.

பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் விவரம் சி.எஸ்.எல்.பி. பக்கத்தில் எல்லா கான்ட்ராக்டர்களுக்கும் இருக்காது. எல்.எல்.சி. நிறுவனங்களுக்கு மட்டும்தான் லைசென்ஸ் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. சான்றிதழை கான்ட்ராக்டரிடம் வாங்காமல், அவருடைய இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் நேராக உங்களுக்கு ஈமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். பழைய பி.டி.எஃப்.-இல் தேதியை மாற்றுவது கடினமான கலையல்ல.

1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால், அதைக் கலைக்கும் வேலை செய்யும் நிறுவனத்துக்கு இ.பி.ஏ.வின் (மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) ஈயப் பாதுகாப்புச் சான்று வேண்டும். இ.பி.ஏ. தளத்தில் தேடலாம்.

பெர்மிட் வரலாறு

லைசென்ஸ் பக்கம் ஒருவரின் தகுதியைச் சொல்லும்; அவர் வேலை செய்யும் விதத்தைப் பெர்மிட் பதிவுதான் சொல்லும். கான்ட்ராக்டரிடம் மூன்று முகவரிகள் கேளுங்கள்: இப்போது நடக்கும் வேலை ஒன்று, ஒரு வருடத்துக்கு முன் முடிந்தது ஒன்று, மூன்று வருடத்துக்கு முன் முடிந்தது ஒன்று. உங்கள் வேலையைப் போன்றதாகவே இருக்கட்டும். பெர்மிட் எண்ணும் தந்தால் நல்லது. வாடிக்கையாளர் ஃபோன் எண்ணை மட்டும் தருபவர் நண்பரின் எண்ணைக்கூடத் தரலாம். முகவரியை அப்படித் தர முடியாது.

அடுத்து அந்த முகவரி எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று பாருங்கள். தபால் முகவரியை நம்பாதீர்கள். காஸ்ட்ரோ வேலி தனி ஊராட்சி இல்லை. அங்கே பெர்மிட் தருவது அலமேடா கவுண்டி. சான் ஹோசே என்று முகவரி இருந்தும் சாண்டா கிளாரா கவுண்டியின் கீழ் வரும் துண்டு நிலங்கள் நிறைய உண்டு. தவறான தளத்தில் தேடிவிட்டு "பெர்மிட்டே எடுக்கவில்லை" என்று நல்ல மனிதரைச் சந்தேகிப்பது இப்படித்தான் நடக்கிறது.

பெரும்பாலான ஊர்களின் தளங்கள் முகவரியை வைத்துத் தேட விடும். சில தளங்களில் லைசென்ஸ் எண்ணைப் போட்டுத் தேடும் வசதியும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவும் லாஸ் ஏஞ்சலஸும் பெர்மிட் தரவுகளைத் திறந்த தரவாகவே வெளியிட்டிருக்கின்றன. அங்கே கான்ட்ராக்டரின் பெயரை வடிகட்டி மொத்தப் பட்டியலையும் எடுக்க முடியும். பில்ட்ஜூம் போன்ற தனியார் தளங்கள் பல ஊர்களின் பதிவுகளைத் திரட்டிக் கான்ட்ராக்டர் வாரியாகக் காட்டும். எல்லா ஊரும் அதில் இருக்காது; அங்கிருந்து முகவரிகளைப் பொறுக்கிக்கொண்டு ஊரின் தளத்தில் சரிபாருங்கள். இணையத்தில் ஏறாத பழைய பதிவுகளுக்குப் பொதுப் பதிவுச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். பதிவு இருக்கிறதா, தருவார்களா என்று 10 நாளில் பதில் சொல்ல வேண்டும். பெர்மிட்டும் இன்ஸ்பெக்‌ஷன் பதிவும் கிடைக்கும். வரைபடங்களை அலுவலகத்தில் பார்க்கலாம். நகல் எடுக்க வரைந்தவரும் வீட்டுக்காரரும் அனுமதி தர வேண்டும்.

ஒரு குளியலறைப் பெர்மிட்டைத் திறந்ததும் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரஃப் (சுவரை மூடுமுன் பார்ப்பது) பிளம்பிங்: பாஸ். ரஃப் எலெக்ட்ரிகல்: கரெக்‌ஷன். ஒரு வாரம் கழித்து மறுபடி ரஃப் எலெக்ட்ரிகல்: பாஸ். ஷவர் பேன் (ஷவரின் அடித்தட்டு): பாஸ். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஸ்டேட்டஸ்: எக்ஸ்பயர்ட்.

இதில் நடுவில் வந்த கரெக்‌ஷன் ஒரு குறையே இல்லை. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார், திருத்தினார்கள், தேறியது. முறை வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரே இன்ஸ்பெக்‌ஷன் மூன்று நான்கு தடவை தோற்றிருந்தால் வேறு கதை. இங்கே உண்மையான குறை கடைசியில் இருக்கிறது: ஃபைனல், அதாவது வேலை முடிந்ததும் நடக்கும் கடைசிப் பரிசோதனை, நடக்கவில்லை. டைல் ஒட்டியதும் கடைசிப் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பல ஊர்களில் 180 நாள் எந்த இன்ஸ்பெக்‌ஷனும் இல்லாமல் கிடந்தால் பெர்மிட் காலாவதியாகும். வீட்டை விற்கும்போது அது வீட்டுக்காரரின் தலையில் விழும்.

நீங்கள் தேடும் சொல் 'ஃபைனல்ட்', சில ஊர்களில் 'கம்ப்ளீட்' அல்லது 'க்ளோஸ்ட்'. மூன்று வருடத்துக்கு முந்தைய பெர்மிட் இன்னும் 'இஷ்யூட்' என்றே நின்றால் வேலை முடிந்ததாக ஊருக்குத் தெரியாது. ஆனால் ஒரே ஒரு காலாவதியை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஏசி, வாட்டர் ஹீட்டர் பெர்மிட்டுகளில் இன்ஸ்பெக்டருக்குக் கதவு திறந்துவிட வீட்டுக்காரருக்கு நேரம் கிடைக்காமல் போவது அடிக்கடி நடக்கும். புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இல்லை என்று ஃபைனல் தோற்று, அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. கான்ட்ராக்டரிடம் கேட்டால் நல்லவருக்கு அந்த வீடு நினைவிருக்கும், காரணமும் சொல்வார். ஐந்தில் மூன்று திறந்தே கிடந்தால் அது அவர் பழக்கம்.

பதிவில் கான்ட்ராக்டர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள். வேறு லைசென்ஸ் எண் இருந்தால் இவர் அங்கே சப்-காண்ட்ராக்டராக இருந்திருக்கலாம். முழு வேலையும் தாம் செய்ததாகச் சொன்னாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். 'ஓனர்-பில்டர்' என்று இருந்தால் அடுத்த பகுதியைப் படித்துவிட்டு அந்த வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.

பதிவே இல்லை என்றால்? பெயின்ட், தரை, டைல், குழாயும் ஒயரும் நகராமல் கேபினெட்டும் கவுன்டர்டாப்பும் மாற்றுவது ஆகியவற்றுக்குப் பொதுவாகப் பெர்மிட் வேண்டாம். கூரை, ஏசி, வாட்டர் ஹீட்டர், எலெக்ட்ரிக் பேனல், சிங்க்கை இடம் மாற்றுவது, சுவரை எடுப்பது எல்லாவற்றுக்கும் வேண்டும். வருடம் முழுக்கச் சமையலறை மாற்றிக் கட்டுவதாகச் சொல்பவர் பெயரில் நீங்கள் தேடிய ஊர்களில் ஒரு பெர்மிட் கூட இல்லையென்றால் அவர் பெர்மிட் இல்லாமல் வேலை செய்பவர் என்றே கொள்ளலாம்.

அதே உட்காரலில் உங்கள் வீட்டு முகவரியையும் தேடிவிடுங்கள். முன்பிருந்தவர் மூடாமல் விட்ட பெர்மிட் இருந்தால், அதை வைத்து உங்கள் புதுப் பெர்மிட் தடைப்படலாம்.

"பெர்மிட்டை நீங்களே எடுத்துடுங்க"

இதைக் கேட்ட இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். "ஓனர் எடுத்தா சீக்கிரம் கிடைக்கும், ஃபீஸ் கம்மி" என்பார்கள். ஓனர்-பில்டராகக் கையெழுத்து போட்டால் சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் கட்டுபவர்: வேலையாட்களின் காயம், விதிமீறல், இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் உங்கள் பொறுப்பு. தன் எண்ணில் பெர்மிட் எடுக்கத் தயங்குபவருக்குக் காரணம் இருக்கும்: லைசென்ஸ் நின்றிருக்கும், வகை பொருந்தாமல் இருக்கும், அல்லது எண் அவருடையதாக இருக்காது. நீங்கள் இதுவரை பார்த்த எல்லாவற்றையும் பெர்மிட் கவுன்டரில் ஒரே கேள்வியில் அவர்களும் பார்ப்பார்கள் என்பதால்தான் அவர் அங்கே போக மறுக்கிறார்.

லைசென்ஸ் இல்லாதவர் கூலி பாக்கிக்காக உங்கள் மேல் வழக்குப் போட முடியாது, கொடுத்த பணத்தைக்கூட நீங்கள் திருப்பிக் கேட்கலாம் என்று கலிபோர்னியச் சட்டம் சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கும். தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவது வேறு வேலை.

பணம் கொடுக்கும் வரிசை

முன்பணம் மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதுதான். 60,000 டாலர் வேலைக்கும் 1,000 தான். விலக்கு உண்டு, ஆனால் அது சிறப்பு பாண்ட் வைத்திருக்கும் சில நிறுவனங்களுக்கு மட்டும். லைசென்ஸ் பக்கத்தில் அது குறிக்கப்பட்டிருக்கும். "கேபினெட் ஆர்டர் பண்ணணும், 30 சதவீதம் குடுங்க" என்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சட்டத்தை மீறுகிறார். அதன் பிறகும் முடிந்த வேலைக்கு மேல் பணம் வாங்கக்கூடாது. வீட்டில் வைத்துக் கையெழுத்து போட்ட காண்ட்ராக்டை 3 வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு 5 வேலை நாள். அம்மா அப்பா வந்திருக்கும்போது சோலார்காரர் அவர்களிடம் கையெழுத்து வாங்கிப் போனால் இது நினைவிருக்கட்டும்.

சப்-காண்ட்ராக்டரோ சாமான் கடையோ '20 நாள் நோட்டீஸ்' அனுப்பினால் மிரள வேண்டாம். அது வழக்கமான ஒன்று. அவர்களுக்குப் பணம் வராவிட்டால் உங்கள் வீட்டின் மேல் லீன் (பாக்கிக்காக வீட்டின் மேல் பதியும் உரிமைக் கோரிக்கை) போடும் உரிமையைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். நோட்டீஸ் அனுப்பிய ஒவ்வொருவரிடமும், ஒவ்வொரு தவணையின்போதும், கான்ட்ராக்டர் வழியாக லீன் விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

காண்ட்ராக்டில் தவணை அட்டவணை எழுதும்போது கடைசித் தவணையை "டைல் முடிந்ததும்" என்றோ "பெயின்ட் அடித்ததும்" என்றோ எழுத விடாதீர்கள். "ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் தேறியதும்" என்று எழுதச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் காலையில் ஊரின் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, பெர்மிட் 'இஷ்யூட்' ஆகியிருக்கிறதா, அதில் இருப்பது நீங்கள் பார்த்த அதே லைசென்ஸ் எண்தானா என்று பாருங்கள். முடிவில் அதே பக்கத்தில் 'ஃபைனல்ட்' என்று மாறிய பிறகு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, லைசென்ஸில் உள்ள பெயருக்கே கடைசி செக்கை எழுதுங்கள்.